மச்சானின் முதுகு

மாதக் கடைசியில் அந்த மெத்தைக் கடையில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். போனால் மிதியடியை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் முறை போச்சு.

மிதியடி என்றால் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் கிடக்கும் சாதாரணக் கயிற்று மிதியடிதான். அதன்மேல் யார் நிற்கிறாரோ, அடுத்து உள்ளே வரும் வாடிக்கையாளர் அவருக்கு. அவர் வாயிலிருந்து “வாங்க” என்ற சொல் வந்துவிட்டால் வந்த ஆள் அவருடைய சொத்து. மற்றவர்கள் அடுத்த வீட்டு மாமரத்தைப் பார்ப்பதுபோல நாக்கில் எச்சில் ஊறப் பார்க்கலாம். கை வைக்க முடியாது. வந்தவர் மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு “அப்புறம் வர்றோம்” என்று போய்விட்டால், மிதியடியில் நின்றவர் வரிசையின் வாலுக்குப் போய்விட வேண்டும்.

விற்பனை எண்ணிக்கை பின்னறைச் சுவரில் இருந்தது. இரும்புப் பலகை ஒன்றில் ஆளுக்கொரு வண்ணக் காந்தம். ஒரு மெத்தை விற்றால் காந்தம் ஒரு கோடு மேலே ஏறும். மாதம் முடிகிற அன்று கடை சாத்தும்போது எந்தக் காந்தம் அடியில் கிடக்கிறதோ, அதை மானேஜர் கழற்றி உரியவர் கையில் கொடுப்பார். அவ்வளவுதான் பிரிவுபசாரம். மாலை கிடையாது, பேச்சு கிடையாது. மறுநாள் வர வேண்டியதில்லை.

அந்தக் கடைசி நாளில் சிவப்புக் காந்தமும் நீலக் காந்தமும் அடிக்கோட்டில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. சிவப்பு, ரேடியோவுடையது.

ரேடியோ என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். நாற்பதைக் கடந்த வயது, வெளுத்துத் தேய்த்த சட்டை, எப்போதும் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும் விரல்கள். திருகினால் பாடும் ரேடியோ உண்டு. இவர் திருகாமலே பாடுவார். பல் முளைப்பதற்கு முன்பே பேச்சு முளைத்துவிட்டது என்று அவருடைய அம்மா சொல்வாராம். அந்தப் பேச்சைத்தான் அவர் இளவயதிலிருந்து விற்றுக்கொண்டிருந்தார். பேருந்தில் சீப்பும் ஊசியும் விற்றார். வீடு வீடாகப் போய் குக்கர் விற்றார். பிறகு தூசி உறிஞ்சும் இயந்திரம். ஒரு வீட்டுக் கூடத்தில் செயல்விளக்கத்துக்காக ஒரு பை நிறையத் தூசியைக் கொட்டி, இயந்திரத்தின் பொத்தானை அழுத்தியபோது மின்சாரம் நின்றுவிட்டது. அந்த வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய அண்ணன் துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டினார். இயந்திரம் விற்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் அந்தப் பெண்ணை ரேடியோ கல்யாணம் செய்துகொண்டார். “விக்க வந்ததை விக்காம எங்க வீட்டுலேருந்து தங்கச்சியைத் தூக்கிட்டுப் போன ஒரே வியாபாரி எங்க மாப்ளதான்” என்று அந்த அண்ணன் இன்றைக்கும் சொல்வார். துடைப்பம் பிடித்த கதையும் கூடவே வரும்.

அந்த அண்ணன், அதாவது ரேடியோவின் மச்சான், நகரப் பேருந்து ஓட்டுநர். இருவருக்கும் நல்ல ஒட்டு. ஆனால் சொந்தக்காரர்களுக்கு எதையும் விற்பதில்லை என்று ரேடியோ கல்யாணமான புதிதிலேயே முடிவெடுத்திருந்தார். காரணம், மாமனாருக்கு விற்ற ஒரு குக்கர். விசில் சரியாக வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எப்போது சாப்பிட உட்கார்ந்தாலும் சோற்றுக்கு முன்னால் விசில் பேச்சு வந்தது. வெளியாளுக்கு விற்றால் புகார் கடைக்கு வரும். சொந்தத்துக்கு விற்றால் புகார் தட்டுக்கு வரும் என்பது அவர் கண்ட பாடம்.

மெத்தைக் கடையில் ரேடியோவின் பெயர் பெற்ற வித்தை, தண்ணீர் டம்ளர். மெத்தையின் ஒரு ஓரத்தில் நிறைத்த டம்ளரை வைத்துவிட்டு மறு ஓரத்தில் ஏறிக் குதிப்பார். ஒரு சொட்டு சிந்தாது. “பக்கத்துல புரள்றவங்க புரளட்டும், உங்க தூக்கம் கலையாது” என்பார். தனித்தனிப் பையில் அடைத்த ஸ்பிரிங் உள்ள விலை கூடிய மெத்தையில் மட்டும்தான் இது நடக்கும். ஸ்பிரிங்குகளை ஒன்றோடொன்று கோத்த மலிவு மெத்தையில் குதித்தால் டம்ளரும் கூடவே குதிக்கும். எது எது என்று ரேடியோவுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

நீலக் காந்தம் உம்கொட்டியுடையது. கதை கேட்பவர்கள் உம் கொட்டுவார்களே, அப்படி. மெலிந்த, சற்றே கூன் விழுந்த மனிதர். வாடிக்கையாளரைப் படுக்க வைத்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார். “தூக்கம் எப்படிங்க?” என்று கேட்பார். அதோடு அவர் சரக்கு தீர்ந்தது. பிறகு “ம்” மட்டும்தான். இந்த ஆள் எப்படி இத்தனை காலம் மெத்தை விற்றார் என்று ரேடியோவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. ஊமையன் கடையில் செவிடன் வாங்குகிறானோ என்று மற்றவர்களிடம் கேலி செய்வார். உம்கொட்டி காதில் விழும். அதற்கும் “ம்”தான்.

இருவரில் ஒருவர் அன்று மாலை போயாக வேண்டும். ரேடியோவின் மகள் கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். உம்கொட்டி வீட்டில் என்ன நிலவரம் என்று ரேடியோவுக்குத் தெரியாது. கேட்டதில்லை.

விடுமுறை நாள் என்பதால் கூட்டம் மாலையில்தான் வரும் என்று எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மிதியடியில் உம்கொட்டி நின்றார். அவருக்கு அடுத்து ரேடியோ. வருகிற முதல் குடும்பம் உம்கொட்டிக்குப் போகும். இந்த இடத்தில்தான் ரேடியோவின் விரல்கள் தட்டுவதை நிறுத்தின. அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு தலையணை அடுக்குக்குப் பின்னால் போனார்.

அந்தக் கடையில் பொம்மை என்று ஒரு சொல் உண்டு. வாங்குகிற எண்ணமே இல்லாமல், ஒரு விற்பனையாளரின் முறையைத் தின்பதற்காக இன்னொருவர் அனுப்புகிற ஆள்தான் பொம்மை. வந்து படுப்பார், எழுவார், சந்தேகம் கேட்பார், மறுபடி படுப்பார். அவரை விட்டு நகர முடியாமல் ஒருவர் தவிக்கும்போது நிஜமான வாடிக்கையாளர்கள் அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். பொம்மை அனுப்பியது தெரிந்தால் அன்றே வேலை போகும். எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் அனுப்பியிருக்கிறார்கள். அதனால் பொம்மையை மோப்பம் பிடிக்கவும் எல்லோரும் கற்றிருந்தார்கள். நிஜ ஆள் படுப்பதற்கு முன் விலைச் சீட்டைப் பார்ப்பார். பொம்மை படுத்துவிட்டுத்தான் பார்க்கும். நிஜத் தம்பதி சண்டை போடும். பொம்மைத் தம்பதி போடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, “எப்ப வீட்டுக்கு வரும்?” என்று எந்தப் பொம்மையும் கேட்காது.

மச்சானுக்கு அன்று வாராந்தர ஓய்வு. விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஒரே குஷி. பள்ளிக்கூட நாடகத்தில் தனக்கு வேஷம் கொடுக்காத வாத்தியாரை அவர் இன்னும் மன்னித்திருக்கவில்லை.

“என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க மச்சான். பொழுது சாயற வரைக்கும் இழுத்தடிங்க, போதும்.”

“பாருங்க மாப்ள, அந்த மனுசன் அழுதுடுவாரு.”

மச்சான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு குளிர்கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வந்தார். கதவைத் தள்ளாமல் இழுத்தார், பிறகு தள்ளினார். உம்கொட்டி “வாங்க” என்றார். ரேடியோ முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மிதியடியில் ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் வரத் தொடங்கியது. முதலில் ஓர் இளம் தம்பதி, கதவைத் திறக்கும்போதே சண்டை போட்டுக்கொண்டு. நூற்றுக்கு நூறு நிஜம். ரேடியோ “வாங்க” என்று சொன்னதில் ஒரு பாட்டே இருந்தது. தேங்காய் நாரிலிருந்து தொடங்கி முதுகெலும்பு வரை வந்தார். அந்தப் பெண் சிரித்தாள். கணவன் விலைச் சீட்டைத் திருப்பினான். எல்லாம் பழுத்து விழுகிற நிலையில் இருந்தது.

ஆனால் ரேடியோவின் ஒரு கண் மூலையை விட்டு வரவில்லை. அங்கே மச்சான் குளிர்கண்ணாடியைக் கழற்றி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் முக்காலியில் உம்கொட்டி. மச்சானின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நாடகத்தில் இவ்வளவு வசனம் இல்லையே என்று ரேடியோவுக்கு அரித்தது. தம்பதியை மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டு போனார். “இங்க வெளிச்சம் நல்லாயிருக்கும்” என்று ஒரு காரணமும் சொன்னார்.

காதில் விழுந்தது இது.

“ராத்திரி நாற்காலியில உக்காந்துதாங்க தூங்கறேன். படுத்தா எந்திரிக்க முடியல. பிரேக்கு மிதிக்கற காலு சில சமயம் மரத்துப்போயிடுது. அடுத்த மாசம் டாக்டர் செக்கப் இருக்கு. அதுல தெரிஞ்சா வண்டியைக் குடுக்க மாட்டாங்க. வீட்டுல யாருக்கும் சொல்லல. தங்கச்சிக்குத் தெரிஞ்சா அழுவா.”

“ம்.”

ரேடியோ அப்போது டம்ளரை நிரப்பி மெத்தையில் வைத்துக்கொண்டிருந்தார். வாய் தன்பாட்டுக்கு ஓடியது. “பக்கத்துல புரள்றவங்க புரளட்டும்” என்று சொல்லியபடியே ஏறிக் குதித்தார். கால் மெத்தையைத் தொட்டபோதே தெரிந்துவிட்டது. அது கோத்த ஸ்பிரிங். டம்ளர் எழும்பி, நடுவானில் ஒரு யோசனை செய்துவிட்டு, மெத்தை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அந்த இளைஞனின் மடியில் கவிழ்ந்தது.

பெண் இன்னும் கொஞ்சம் சிரித்தாள். கணவன் சிரிக்கவில்லை. இருவரும் கதவை நோக்கிப் போகிறபோது சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ரேடியோ துணியை எடுத்து ஈரத்தை ஒற்றிக்கொண்டிருந்தார். அப்போது மூலையிலிருந்து மச்சானின் குரல் தெளிவாகக் கேட்டது.

“இது எப்பங்க வீட்டுக்கு வரும்?”

துணி கையில் அப்படியே நின்றது. பொம்மைக்கு உயிர் வந்துவிட்டது.

மச்சான் எழுந்துபோய்ப் பணம் கட்டிவிட்டு வந்தார். பின்னறையில் நீலக் காந்தம் ஒரு கோடு ஏறியது. சிவப்பு தனியாகக் கிடந்தது. ரேடியோ வரிசையின் வாலுக்குப் போய், மறுபடி மிதியடிக்கு வருவதற்குள் கடை சாத்திவிடுவார்கள். அவர் தலையணைகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். வீட்டில் என்ன சொல்வது, யார் சொல்வது, மச்சான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாரா என்று மனம் கண்ட இடத்தில் முட்டியது.

மச்சானாவது அப்போதே கிளம்பியிருக்கலாம். போகிறதுக்கு முன்னால் ஒரு தடவை என்று மறுபடி அந்த மெத்தையில் சாய்ந்தார். ரொம்ப நாளாகக் கிடைக்காத சுகம். வேஷம், வசனம் எல்லாம் மறந்துபோனது. கண்ணை மூடியபடியே கடை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

“மாப்ள, நீங்களும் வந்து ஒருதரம் படுத்துப் பாருங்களேன்.”

விற்பனையாளர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மானேஜர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். கட்டையான மனிதர், குரலை உயர்த்த வேண்டிய அவசியமே ஏற்படாதவர்.

“யாரு மாப்ள?” என்று கேட்டார்.

எல்லோருடைய பார்வையும் போன திசை ஒன்றுதான்.

“யாருன்னே தெரியாது சார்” என்றார் ரேடியோ. “எல்லாரையும் மாப்ள மாப்ளனு கூப்பிடற ஆளு போல.”

மச்சான் கண்ணைத் திறந்தார். ஒரு கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். ரேடியோவைப் பார்த்தார். கோபம் இல்லை. பேருந்தில் ஏறியவர் நடத்துநரிடம் சில்லறையைத் தூக்கி எறிந்தால் ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாரே, அது. பிறகு குளிர்கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மானேஜருக்கு இந்தக் கடையில் முடி நரைத்திருந்தது. அவர் ரேடியோவிடம் தணிந்த குரலில் சொன்னது இதுதான்: கடைச் சட்டப்படி சொந்தக்காரர் வாங்கினால் விற்பனை அந்தச் சொந்தத்துக்குத்தான் சேரும். இவர் தானாக வந்திருந்து, ரேடியோ வேறு ஆளோடு இருந்ததால் கவனிக்காமல் போயிருந்தால், காந்தத்தை மாற்றி வைப்பதில் தவறில்லை. “தானா வந்தாரா, இல்ல நீங்க வரச் சொன்னீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க.”

மானேஜரே கதவைத் திறந்து வைத்துவிட்டு வழியையும் காட்டிக் கொடுத்துவிட்டார். “தானா வந்தாரு” என்ற இரண்டே சொல் போதும். நீலம் இறங்கிவிடும், சிவப்பு ஏறிவிடும். வாழ்நாள் முழுக்க இதைவிடப் பெரிய பொய்களை ரேடியோ ஒரு சீப்புக்காகச் சொல்லியிருக்கிறார். வாயைத் திறந்தார். உம்கொட்டி முக்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மச்சான் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

“என் மச்சான் சார்” என்றார் ரேடியோ. “என் சம்சாரத்தோட அண்ணன். நான்தான் பொம்மையா அனுப்பினேன். வித்தது அவரு” என்று உம்கொட்டியைக் காட்டினார்.

ரேடியோ இவ்வளவு சுருக்கமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. ஏன் அப்படிச் சொன்னார் என்று பிற்பாடு மனைவி கேட்டபோது, “வாய் தவறி உண்மை வந்துடுச்சு” என்றார்.

மானேஜர் சாத்துகிற நேரம் வரை காத்திருக்கவில்லை. சிவப்புக் காந்தத்தை எடுத்துவந்து கொடுத்தார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒன்றாகத்தான் வெளியே வந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் ரேடியோவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“முதுகு வலின்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான்.”

“எப்ப மாப்ள? நீங்க நடுவுல மூச்சு விட்டாத்தானே?”

பேருந்து வந்தது. மச்சான் ஏறும்போது ரேடியோ அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மச்சான் தட்டிவிடவில்லை. தங்கையிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார், தன் முதுகு உட்பட. அவள் அழுதாள். பிறகு இருவரையும் திட்டினாள். அண்ணனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சிகிச்சை தொடர்கிறது. வண்டி ஓட்டுவதை இப்போதைக்கு நிறுத்திவைத்துப் பணிமனையில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். மறுபடி ஸ்டியரிங் பிடிப்பேன் என்கிறார். மெத்தையில் படுத்தால் காலையில் எழுப்புவதுதான் பெரும்பாடு என்பது அவர் மனைவியின் குறை. அந்தக் குறை ரேடியோவின் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் வந்து சேர்ந்தது.

சிவப்புக் காந்தம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. ரேடியோவால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கதவுப் பக்கம் யார் நடந்தாலும் “வாங்க” என்று எழுந்து நின்றார். மகள், “அப்பா, அது பால்காரர்” என்றாள். சில வாரங்களில், மெத்தைக் கடைக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் சோபாக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மிதியடி கிடையாது, வாசல் தூண். தூணில் சாய்ந்து நிற்பவருக்குத்தான் முறை. பலகை இருந்தது, காந்தம் இருந்தது, மாதக் கடைசி இருந்தது.

அடுத்த மாதம் முடிந்த மறுநாள், போக்குவரத்துக்கு நடுவே கையைக் காட்டிக்கொண்டு சாலையைக் கடந்து ஒருவர் வந்தார். கூன் விழுந்த நடை. சட்டைப் பையில் எதுவோ கனத்துத் தொங்கியது. நீலக் காந்தம். சோபாக் கடைக்காரர் உம்கொட்டியைப் பார்த்ததும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

தூணுக்குப் பக்கத்தில் ஒருநாள் இருவரும் தனியாக நின்றபோது, இத்தனை நாள் குடைந்துகொண்டிருந்ததை ரேடியோ கேட்டுவிட்டார்.

“என் மச்சான் பொம்மைன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?”

“வந்து கதவை இழுத்தாரே, அப்பவே.”

“தெரிஞ்சுமா அவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?”

உம்கொட்டி யோசித்தார். “ஆளு பொம்மைதான். முதுகு பொம்மை இல்லையே.”

இந்த மாதமும் முடியப்போகிறது. பலகையில் கடைசி இரண்டு காந்தங்கள் எவை என்று சொல்லத் தேவையில்லை. தொண்டை வறண்டு இருவரும் நிற்கிறார்கள். முறை ரேடியோவுடையது. கதவைத் தள்ளிக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி ஒரு பெரியவர் உள்ளே வந்தார். விலைச் சீட்டைப் பார்க்காமல் நேராகப் போய் ஒரு சோபாவில் உட்கார்ந்தார். பொம்மையின் லட்சணம். அல்லது நிஜமாகவே வலி.

“வாங்க” என்றார் ரேடியோ. தோல், துணி, தேக்கு, தவணை எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. விழுங்கினார்.

“உக்காந்தா எங்கங்க வலிக்குது?”

பெரியவர் விட்டத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். ரேடியோவின் விரல்கள் சோபாக் கையைத் தட்டத் தொடங்கின. மற்ற கையால் அவற்றைப் பிடித்துக்கொண்டார். பின்னால் உம்கொட்டி தூணில் சாய்கிற சத்தம். கதவு திறக்கிற சத்தம். ஒரு முழுக் குடும்பமே சண்டை போட்டுக்கொண்டு உள்ளே வரும் சத்தம். ரேடியோவின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

“இடுப்புலதாங்க” என்று ஆரம்பித்தார் பெரியவர். இடுப்பிலிருந்து மாடிப்படிக்குப் போனார். மாடிப்படியிலிருந்து அந்த வீட்டை விற்கச் சொல்கிற மூத்த மகனுக்குப் போனார். அங்கிருந்து மருமகளுக்கு. சோபாப் பக்கம் இன்னும் வரவே இல்லை.

“ம்” என்றார் ரேடியோ.